ஸ்பீக்கர் உறுமுகிறதா? எர்த் பின்னில் கை வைக்காதீர்கள்!

வேம்பார் என்றால் நம் உறுப்பினர்களுக்குக் கருப்பட்டிதான் நினைவுக்கு வரும். தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமநாதபுரம் நோக்கிப் போகிறவர்கள், சூரங்குடி தாண்டி, பனங்காடும் உப்பளமும் மாறி மாறி வரும் வழியில் இந்த ஊரைப் பார்த்திருப்பார்கள். முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களில் ஒன்று. முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது, கருப்பட்டி நிற்கவில்லை. நாமும் கருப்பட்டிக் கொள்முதல் விஷயமாகத்தான் மூன்று பேர் போயிருந்தோம். போன இடத்தில் வேறொரு சரக்கு கிடைத்தது. அதைத்தான் இந்த இதழில் எடை போட்டுத் தருகிறோம்.

நாம் போய் உட்கார்ந்த கடை, நம்மில் பலருடைய கடையைப் போன்றதுதான். முன்னால் மளிகை, பக்கவாட்டில் கருப்பட்டிக் கிட்டங்கி, பின்னால் வீடு. மூன்றுக்கும் ஒரே மீட்டர் பெட்டி. கடை வாசலில் கலர், தண்ணீர் பாட்டில் வைக்கிற கண்ணாடிக் கதவு பிரிட்ஜ். பொங்கலுக்கு ஊருக்கு வந்த மகன், வீட்டு டி.வி.யோடு சேர்த்துக் கேட்பதற்கு ஓர் ஆம்ப்ளிபயரும் நான்கைந்து ஸ்பீக்கர்களும் வாங்கி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நல்ல சாமான்தான். ஆனால் மாட்டிய நாளிலிருந்து ‘ம்ம்ம்...’ என்று ஓர் உறுமல். பாட்டு ஓடும்போது தெரியாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, செய்தி வாசிக்கிறவர் மூச்சு விடும் இடைவெளியில், அடுப்படி வரை கேட்கும். வாங்கிய கடையில் சொன்னதற்கு, பெட்டியை அனுப்பி வையுங்கள் என்றார்களாம். யார் அனுப்புவது? உள்ளூரில் ஒயரிங் வேலை செய்யும் தம்பி ஒருவரை அழைத்திருக்கிறார்கள். அவர் வந்து பார்த்து, ஆம்ப்ளிபயரின் மூன்று பின் பிளக்கில் மேலே தடித்து நிற்கும் எர்த் பின்னைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டார். உறுமல் போயே போய்விட்டது. எல்லோருக்கும் திருப்தி.

"சவுண்டு போயிட்டு அண்ணாச்சி, ஆனா கலர் எடுக்க வார சின்னப் பயலுவ பிரிட்ஜ் கடிக்குதுங்கானுவ" என்று கடைக்காரர் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரத் துணியால் பிரிட்ஜைத் துடைக்கப் போனபோது கை உதறிப் பின்னால் போய் விழுந்ததை அவர்தான் சொன்னார். அதற்கு முன்னாலும் ஈரக் கையோடு தொட்டால் லேசாகச் சுள்ளென்று இருக்குமாம். எல்லா வீட்டுப் பிரிட்ஜும் அப்படித்தானே என்று விட்டுவிட்டார்களாம்.

நம்மில் ஒருவர், மளிகைக்கு வருவதற்கு முன் பதினைந்து ஆண்டுகள் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவர் கருப்பட்டிச் சிப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "மதினி, முதல்ல அந்தப் பிரிட்ஜை ஆப் பண்ணுங்க" என்றார். "கலர் எல்லாம் சூடாப் போயிருமே" என்று கடைக்காரர் இழுத்தார். சூடான கலரைப் பிறகு குளிர வைத்துக்கொள்ளலாம் என்று நாம் சொல்ல வேண்டியிருந்தது.

அங்கே என்ன நடந்திருந்தது என்பதைச் சொல்லும் முன், இந்த உறுமல் என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். நம் கடைகளில் இப்போது சத்தப் பெட்டி இல்லாத இடம் குறைவு. காலையில் பக்திப் பாடல், பண்டிகைக் காலத்தில் தள்ளுபடி அறிவிப்பு, பில் போடும் கம்ப்யூட்டரிலிருந்தே பாட்டு என்று ஆகிவிட்டது.

பழைய ஆட்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை இந்தக் கடற்கரை முழுவதும் கடைக்குக் கடை ஒலித்த காலத்தில், பேட்டரி போட்ட டிரான்சிஸ்டரில் கரகரப்பு வரும், அலை ஏறி இறங்கும், ஆனால் இந்த ‘ம்ம்’ மட்டும் வராது. காரணம் எளிது. பேட்டரியில் வருவது நேர் மின்சாரம். நம் வீட்டுக்கு வருவது மாறு மின்சாரம். நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருவது. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் பிறந்தாலும், கயத்தாறு பக்கத்துக் காற்றாலையில் பிறந்தாலும் அந்த 50 மாறாது. (அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் வீட்டுப் பெட்டி உறுமினால் அது 60.) ஸ்பீக்கரில் கேட்கிற உறுமல் வேறொன்றுமில்லை, பாட்டு வர வேண்டிய ஒயரில் மின்சாரத்தின் இந்த ஆட்டம் கொஞ்சம் கலந்துவிட்டது. சரக்கில் கலப்படம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எந்த மூட்டையில் கலந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

மூட்டையைக் கண்டுபிடிக்க முதல் கருவி காதுதான். அடியிலிருந்து வரும் வண்டின் ரீங்காரம் போன்ற மெல்லிய ‘ம்ம்’ வேறு; ஈ மொய்ப்பது போன்ற கூர்மையான ‘ஜ்ஜ்’ வேறு; ‘ஸ்ஸ்’ என்று அப்பளம் பொரிவது வேறு. கடைசியில் சொன்னது எல்லா ஆம்ப்ளிபயரிலும் கொஞ்சம் இருக்கும், அதற்காக யாரும் அலைய வேண்டாம். கூர்மையான ‘ஜ்ஜ்’ வந்தால், மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அது மின்சாரத்தின் ஒவ்வோர் அலையையும் பாதியில் வெட்டி வெட்டி விடுவதால்தான் விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. அந்த வெட்டுத்தான் ஜ்ஜென்று கேட்கிறது. ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் திருடன் அகப்பட்டான். பழைய டியூப் லைட்டின் சோக், மலிவு விலை எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர் ஆகியவையும் இந்தக் கூட்டம்தான். ரேடியோவில் மத்திய அலை கேட்கிறவர்களுக்கு எல்.இ.டி. பல்பு செய்யும் தொல்லை சொல்லி முடியாது. பல்பை அணைத்தால் ஸ்டேஷன் கேட்கும், போட்டால் இரைச்சல்தான்.

மின்தடைக்கு வாங்கி வைத்த இன்வெர்ட்டரையும் இங்கே சொல்ல வேண்டும். விலை குறைந்த வகை, சதுர அலை என்று சொல்லப்படுவதைத் தருகிறது. வளைந்து ஏறி வளைந்து இறங்க வேண்டிய மின்சாரம், படிக்கட்டில் குதிப்பது போல ஏறி இறங்கும். அதில் ஓடும்போது விசிறியே உறுமும். ஆம்ப்ளிபயர் உறுமாமல் என்ன செய்யும்? மின்வாரியக் கரண்டில் அமைதியாகவும் இன்வெர்ட்டரில் மட்டும் இரைச்சலாகவும் இருந்தால் பெட்டியைப் பிரிக்கக் கூடாது. சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாறுவதா, கரண்ட் வரும்வரை பாட்டை நிறுத்துவதா என்பது அவரவர் வசதி.

செல்போன் தொல்லை எல்லோருக்கும் தெரிந்தது. மணி அடிக்கப் போகும் ஒரு கணம் முன்னால் ஸ்பீக்கரில் ‘டட்-டட்-டட்’ என்று வருமே, அதுதான். பழைய 2ஜி முறையில் போன் தொடர்ச்சியாக ஒலிபரப்பாமல் நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு ஒலிபரப்புகிறது. அந்தத் துடிப்பை ஆம்ப்ளிபயரின் ஒயர் பிடித்துக்கொள்கிறது. போனை இரண்டடி தள்ளி வைத்தால் தீர்ந்தது. 4ஜி வந்த பிறகு இது மிகவும் குறைந்துவிட்டது.

இனி, ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் சோதனை. காசு செலவில்லை. ஆம்ப்ளிபயரின் வால்யூமை முற்றிலும் குறையுங்கள். குறைத்த பிறகும் உறுமல் அதே அளவில் இருந்தால் கோளாறு பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பவர் பகுதியில் உருளையாக நிற்கும் பில்டர் கண்டென்சர் வயதாகிக் காய்ந்து போயிருக்கும். மாறு மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கும்போது வரும் மேடு பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்துவது அதன் வேலை. அது சோர்ந்தால் நொடிக்கு 100 முறை வரும் அந்த மேடு பள்ளம் அப்படியே ஸ்பீக்கருக்குப் போய்விடும். கண்டென்சரின் தலை பொரித்த பூரி போல உப்பியிருப்பதை மெக்கானிக் காட்டுவார். நீங்களாகப் பெட்டியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

வால்யூமைக் குறைத்ததும் உறுமலும் குறைகிறதா? அப்படியானால் அது வெளியிலிருந்து, பாட்டு வரும் ஒயர் வழியாக வருகிறது. பின்பக்கம் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் பின்கள் இருக்குமே, வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டு அத்தனையையும் உருவிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டும்போது உறுமல் திரும்புகிறதோ அந்த வழியைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும்.

கடற்கரை ஊர்களில் பாதிக் கோளாறு அந்தப் பின்னிலேயே இருக்கும். கச்சான் காற்று அடித்தாலும் கொண்டல் அடித்தாலும் வேம்பாரில் உப்புக் காற்றுத்தான். ஒரு வருஷத்தில் பின்னின் மேல் பச்சைக் களிம்பு ஏறிவிடுகிறது. பாட்டு ஒயரில் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வலை போல ஒரு கவசக் கம்பி. வெளியில் திரியும் இரைச்சலை உள்ளே விடாமல் காக்கிறது இந்தக் கவசம். களிம்பேறிக் கவசத்தின் தொடர்பு விட்டுப் போனால் நடுக்கம்பி நனைந்த கோழி போல அத்தனை இரைச்சலுக்கும் ஆளாகும். பின்னைத் தொட்டால், அசைத்தால் உறுமல் கூடிக் குறைகிறதென்றால் இதுதான். புது ஒயர் வாங்கி மாட்டிவிடுங்கள், அல்லது மெக்கானிக்கிடம் இருக்கும் கிளீனர் ஸ்பிரேயால் துடையுங்கள். நம் உறுப்பினர் ஒருவர், பித்தளைக் குத்துவிளக்கு புளியில் பளிச்சென்று ஆகிறதே என்று பின்னையும் புளியில் தேய்த்தார். அன்றைக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. இடுக்கில் தங்கிய புளி ஒரு மாதத்தில் பின்னையே தின்றுவிட்டது. புளி வியாபாரிக்கே இந்தக் கதி.

பாட்டு ஒயரையும் கரண்ட் ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி வைப்பதும் தவறு. அழகாக இருக்கும், இரைச்சலும் அழகாகச் சேரும். ஒரு சாண் தள்ளிப் போகட்டும். குறுக்கே போக வேண்டியிருந்தால் பெருக்கல் குறி போலக் கடக்கட்டும்.

திருவிழாக்களில் மைக்செட்காரர்கள் நூறு இருநூறு அடிக்கு மைக் ஒயரை ஜெனரேட்டர் ஒயர் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகிறார்களே, அங்கே ஏன் உறுமல் இல்லை என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. நல்ல மைக்கில் வரும் ஒயரில் கவசத்துக்குள் ஒன்றல்ல, இரண்டு கம்பிகள். இரண்டிலும் பாட்டு ஒன்றுக்கொன்று தலைகீழாகப் போகிறது. வழியில் ஏறுகிற இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறுகிறது. ஆம்ப்ளிபயர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நம் தராசைப் போலத்தான். இரண்டு தட்டிலும் ஒரே எடை விழுந்தால் முள் அசையுமா? வீட்டுப் பெட்டிகளில் இந்த வசதி அநேகமாக இருப்பதில்லை.

இப்போது வேம்பார்க் கடைக்குத் திரும்புவோம்.

பிரிட்ஜை அணைத்ததும், நம் ரேடியோ நண்பர் முதலில் செய்தது, எதிர்க்கடையிலிருந்து ஒரு புது மூன்று பின் பிளக்கை வாங்கி ஆம்ப்ளிபயர் ஒயரில் மாட்டியது. வெட்டுப்பட்ட எர்த் திரும்ப வந்தது. கூடவே உறுமலும் வந்தது, ஆனால் மெல்லியதாக. பிறகு பிரிட்ஜைப் போடச் சொன்னார். கம்ப்ரஸர் ‘டொக்’கென்று கிளம்பிய அதே கணத்தில் ஸ்பீக்கர் மாடு கத்துவது போல உறுமியது. கடைக்காரர் முகம் மாறியது. "பிரிட்ஜுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். நண்பர் பதில் சொல்லாமல், செட்டாப் பாக்ஸின் பின்னால் போய், தெருவிலிருந்து வரும் கேபிள் டி.வி. ஒயரின் திருகை மட்டும் கழற்றினார். நிசப்தம். அடுத்து, பலகையின் மேல் ரப்பர் செருப்போடு நின்று, பிரிட்ஜின் உடம்பில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் கோவில் விளக்கு மாதிரி எரிந்தது. (இதையெல்லாம் நீங்கள் செய்து பார்க்கக் கூடாது. அவருக்குத் தெரியும், செய்தார்.)

நடந்தது இதுதான். பிரிட்ஜின் கம்ப்ரஸருக்குள் காப்பு பலவீனமாகி, உடம்பில் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. கசிந்தால் அது எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும். எர்த் எதற்காக இருக்கிறது? ஆனால் அந்த வீட்டின் எர்த் மண்ணுக்குப் போகவே இல்லை. எல்லா பிளக் பாயிண்டுகளின் எர்த்தும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன, மண்ணைத் தவிர. கசிந்த மின்சாரம் போக்கிடம் தேடியது. பொங்கலுக்கு வந்த ஆம்ப்ளிபயர் வழி காட்டியது. பிரிட்ஜின் உடம்பு, எர்த் ஒயர், ஆம்ப்ளிபயரின் மூன்றாவது பின், பாட்டு ஒயரின் கவசக் கம்பி, செட்டாப் பாக்ஸ், அங்கிருந்து கேபிள் டி.வி. ஒயரின் வெளிக் கவசம், அப்படியே தெருவுக்குப் போய், கேபிள்காரருடைய எர்த்தில் மண்ணைத் தொட்டது. பாட்டுக்குக் காவலாக இருந்த கவசக் கம்பி, பிரிட்ஜின் சாக்கடையாகிவிட்டது. அதில் ஓடிய 50 சுற்று மின்சாரம்தான் உறுமல்.

ஒயர்மேன் தம்பி அந்த மூன்றாவது பின்னை வெட்டினார். உறுமல் நின்றது உண்மை. கசிவு நிற்கவில்லை. அதற்கிருந்த ஒரே வாய்க்காலும் அடைபட்டது. அதன் பிறகு பிரிட்ஜின் உடம்பு முழுக்க மின்சாரம் நிறைந்து, யாராவது தொட மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தது. தொட்டவர்கள் யார்? சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு, கையில் பத்து ரூபாயோடு கலர் வாங்க வரும் சிறுவர்கள். வாசல் தெளித்த ஈரம் காயாத காலை நேரத்தில் ஒருவனுக்குப் பிடி விடாமல் போயிருந்தால்?

கடைக்காரர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பியூஸ் போயிருக்கணுமே?" என்றார். எல்லோரும் நினைப்பது இதைத்தான். 5 ஆம்பியர் பியூஸ், 5 ஆம்பியருக்கு மேல் ஓடினால்தான் உருகும். மனிதனின் நெஞ்சை நிறுத்துவதற்கு ஓர் ஆம்பியரில் நூறில் சில பங்கே போதும். பியூஸ் காப்பது ஒயரை, ஆளை அல்ல. ஆளைக் காக்க ஆர்.சி.சி.பி. என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. பேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கணக்கு இடித்தால் கண் இமைக்கும் முன் மெயினை அணைத்துவிடும். நம் கடைக் கணக்குப் பிள்ளைகள் இத்தனை கறாராக இருந்தால் நாம் எங்கேயோ போயிருப்போம்.

கசிவே இல்லாத வீட்டிலும் இந்த உறுமல் வரும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு குளங்களின் நீர்மட்டம் ஒன்றாக இல்லாதபோது நடுவில் மடையைத் திறந்தால் தண்ணீர் ஓடத்தானே செய்யும்? அதுபோல வீட்டு எர்த்தும் கேபிள்காரருடைய எர்த்தும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. இரண்டையும் பாட்டு ஒயர் இணைத்துவிட்டால் கொஞ்சம் மின்சாரம் அதில் ஓடும். பில் போடும் கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்ளிபயருக்கு ஒயர் இழுத்தவர்களுக்கும் இதே கதைதான். லேப்டாப்பானால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். உறுமல் நின்றால் இதுதான் காரணம். இதற்கு மருந்து, சேர்ந்து இயங்கும் சாமான்கள் அனைத்தையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுப்பது. அதற்கும் அடங்காவிட்டால், பாட்டு ஒயரின் நடுவில் மாட்டும் சின்ன ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்று, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பாட்டு காந்தத்தின் வழியாகத் தாண்டிப் போகும். இரண்டு எர்த்துகளுக்கும் நடுவில் கம்பித் தொடர்பு இருக்காது. கேபிள் ஒயருக்கும் அப்படியொரு சின்ன உருளை உண்டு. வெட்ட வேண்டுமானால் இங்கே வெட்டுங்கள், பாட்டு ஒயரில். கரண்ட் பிளக்கில் அல்ல.

அன்று மாலை வீட்டுக்குப் பின்னால் எர்த் குழியைத் தோண்டினோம். ஒயர்மேன் தம்பியையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள், வந்தார். அவர்மேல் நமக்குக் கோபமில்லை. ஊரெங்கும் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். பெரிய கடைகளிலேயே இரண்டு பின் அடாப்டரைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். இரண்டடி ஆழத்தில் குழாயைப் பிடித்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. கீழ்ப்பாதியை மண் தின்றிருந்தது. தகரம் போலப் பொருபொருவென்று உதிர்ந்தது. மேலே, கம்பியை முறுக்கியிருந்த போல்ட்டும் துருப்பிடித்து நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

உப்பு மண்ணின் குணம் அது. ஈரமும் உப்பும் உள்ள மண்ணில் மின்சாரம் சுலபமாகப் பாயும். எர்த்துக்கு அதைவிட நல்ல மண் கிடையாது. ஆனால் அதே உப்பு இரும்பைத் தின்னும். தேரிப் பக்கம், உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரத்தில் நிலைமை நேர்மாறு. காய்ந்த மணலில் குழாய் பல வருஷம் கிடக்கும், ஆனால் மின்சாரம் பாயாது. அதற்காகத்தான் குழாயைச் சுற்றி உப்பும் அடுப்புக்கரியும் மாற்றி மாற்றி அடுக்கிக் குழியை நிரப்புவதும், கோடையில் தண்ணீர் ஊற்றுவதும். குழாய் எத்தனை நீளம், எத்தனை பருமன் என்பதற்கெல்லாம் ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயானால் 2.5 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். அங்கே வெளியே வந்த பழைய குழாய் முழுசாக இருந்த காலத்திலும் அதில் பாதிதான் இருந்திருக்கும் என்று ஒயர்மேன் தம்பியே சொன்னார். உப்பும் கரியும் நாம் விற்கிற சரக்கு. நம் வீட்டுக் குழியில் போட மட்டும் மனசு வருவதில்லை.

சில ஊர்களில் எர்த் இல்லாத குறைக்கு, பிளக் பாயிண்டுக்குள்ளேயே எர்த் முனையை நியூட்ரலோடு இணைத்துவிடுகிறார்கள். பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருக்கும். என்றைக்காவது கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டில் இருக்கும் அத்தனை இரும்புச் சாமானிலும் முழுக் கரண்ட் நிற்கும். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவதும் இப்போது செல்லாது. குழாய் எல்லாம் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. எர்த் இருக்கிறதா என்று பார்க்க பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பை எரித்துப் பார்க்கும் பழைய முறையும் வேண்டாம். எர்த் செத்திருந்தால் அந்தப் பல்பு வழியாகவே எல்லாச் சாமானிலும் கரண்ட் ஏறிவிடும். மீட்டர் வைத்திருக்கும் ஒயர்மேனிடம் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள். ஒன்று இரண்டு என்றால் கவலையில்லை. வேம்பார்க் கடையில் பிரிட்ஜ் ஓடும்போது அது நூறைத் தாண்டியது.

மறுநாள் புதுக் குழாய் இறங்கியது. ஆர்.சி.சி.பி. வாங்க விளாத்திகுளத்துக்கு ஆள் போய் வந்தார். மாட்டிவிட்டு பிரிட்ஜைப் போட்டதும், எதிர்பார்த்தபடியே, அது மெயினைத் தள்ளிவிட்டது. மூன்று முறை போட்டோம், மூன்று முறையும் தள்ளியது. "இது என்ன பெட்டி, வியாபாரமே நடக்காது போலிருக்கே" என்று கடைக்காரர் முணுமுணுத்தார். கம்ப்ரஸரை மாற்றிய பிறகுதான் பிரிட்ஜ் நின்று ஓடியது. எர்த், சுவிட்ச், கம்ப்ரஸர் எல்லாம் சேர்த்து, மகன் வாங்கிக் கொடுத்த சத்தப் பெட்டியின் விலைக்குக் கிட்ட வந்ததாகப் பின்னர் போனில் சொன்னார்.

உறுமல் முழுவதும் போகவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். பிரிட்ஜ் சரியான பிறகும், நடு இரவில் காது கொடுத்தால் மெல்லிய ‘ம்ம்’ இருந்தது. இரண்டு எர்த்தின் மட்ட வித்தியாசம்தான். கேபிள் ஒயரில் அந்தச் சின்ன உருளையை மாட்டியதும் அதுவும் போனது. எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது இப்போது கடைப் பையனின் வேலை. வெள்ளிக்கிழமை வாசல் தெளித்த கையோடு ஊற்றிவிடுகிறானாம்.